முந்தி விழுந்தவன்

குரோதன, பங்குனி 11, புதன்

வெயில். காவேரியில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒரு பூணூல் அகலம். மீதி மணல். ரயில் பாலத்தில் ஊர்ந்தபோது கீழே ஒரு கழுதை, குளிப்பதாக நினைப்பு, மணலில் புரண்டுகொண்டிருந்தது. நிலைக்கண்ணாடி பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

செய்ய வேண்டியவை: குடைக்குக் கம்பி (காதர் பாய் கடை). கோமளம் அக்காவுக்கு வெந்தயம். சலவைக்காரனைச் சமாதானப்படுத்த வேண்டும். முழங்கால் பக்கத்து மண் கறை போகவே மாட்டேன் என்கிறதாம். எப்படிப் போகும்? ஸ்ரீரங்கத்து வீதிகள் அத்தனையும் அந்த வேஷ்டியில் இருக்கின்றன.

ஆபீஸில் எதிர் மேஜை சவரிமுத்து இன்று கேட்டேவிட்டார். வழியில் யாராவது தள்ளிவிடுகிறார்களா சார் என்று. (பாலக்கரைக்காரர். மாதா கோயில், மூக்குப்பொடி, நல்ல மனுஷர்.) விளக்கினேன். எங்களவரில் இரண்டு பேர் வீதியில் சந்தித்தால் ஒருவரையொருவர் விழுந்து சேவிக்க வேண்டும். நீர் உயர்ந்தவர், அடியேன் புழு என்று அர்த்தம். முந்தி விழுகிறவன் பெரிய புழு. கடைசியில் எழுந்திருக்கிறவன் புழுக்களுக்குச் சக்கரவர்த்தி.

"இதுக்கு மெடல் உண்டா சார்?" என்றார்.

மெடல் கிடையாது. இருந்தால் மார்பில் இடம் போதாமல் முதுகிலும் குத்திக்கொண்டிருப்பேன். யாரும் படிக்கப்போகாத நோட்டு, ஆகையால் உண்மையை எழுதலாம்: இந்தத் தீவில் என்னை முந்தி விழுந்தவன் பிறக்கவில்லை. நான் விழுகிற வேகத்தில் கோபுரத்துப் புறாக்கள் இடம் மாறும். எதிராளி குனியலாமா என்று யோசிப்பதற்குள் நான் விழுந்து ஒரு குட்டித் தூக்கமும் முடிந்திருக்கும். முனிசிபாலிடி எனக்கு வீதி பெருக்கிய சம்பளம் பாக்கி வைத்திருக்கிறது.

ஒரே ஒரு தோல்வி. நாளைக்கு எழுதுகிறேன். இன்று வேண்டாம், சாப்பாடு ஜீரணமாகாது.

பங்குனி 12, வியாழன்

வெந்தயம் மறந்தது. திட்டு வாங்கினேன்.

அந்தத் தோல்வி. அக்கா பெண் வைதேகிக்கு உத்தர வீதியில் ஜாதகம் பொருந்தியிருக்கிறது. பையன் கும்பகோணத்தில் வாத்தியார், தங்கமானவன். தகப்பனார் வீரராகவாச்சாரியார். (இனி வீ.) ஊரே அவரை அடக்கத்தின் அவதாரம் என்கிறது. சொந்த வீட்டைக் குடிசை என்பார். குடிசைக்கு மூன்று கட்டு, கிணறு, மாடி. பெண் பார்க்க வந்த அன்று அத்திம்பேர் பழத்தட்டை என் கையில் திணித்தார். அதே நொடி வீ. என் காலடியில் தடாலென்று கிடந்தார். நான் தட்டும் கையுமாக, சந்தைக்கு வந்த மாதிரி நின்றேன். தட்டை எங்கே வைப்பது? வைத்துவிட்டு விழுவதற்குள் அவர் எழுந்து தூசி தட்டியாயிற்று. வந்திருந்தவர்கள் "ஆகா" என்றார்கள். அந்த ஆகா இன்னும் காதில் ஈ மாதிரி.

அத்திம்பேர் வருஷத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிறவர். அவரைத் திட்டியும் பிரயோஜனமில்லை.

சாயங்காலம் அக்கா சொன்னாள். வீ.யின் அகத்து மாமி பெருந்தேவி கோயிலில் பார்த்துச் சொன்னாளாம்: இவருக்கு இடுப்பில் வாதம் இறங்கிவிட்டது, குனியவே கூடாது என்று வைத்தியர் கட்டளை. "யாரைப் பார்த்தாலும் கை கூப்பறதோட நிறுத்திக்கறாராம். நீ கொஞ்சம் பாத்து நடந்துக்கோடா சீமாச்சு. சித்திரையில நிச்சயதார்த்தம் இருக்கு."

தலையை ஆட்டினேன்.

பங்குனி 15, ஞாயிறு

உத்திரம். கூட்டம். பெருமாள் தாயார் சன்னிதி வாசலில் வந்து நிற்கிறார், அவர் உறையூர் நாச்சியாரிடம் போய்விட்டு வந்த கோபத்தில் தாயார் கதவைச் சாத்துகிறாள், பெருமாள் மேல் பூவும் வெண்ணெயும் எறிகிறார்கள். நன்றாகச் சேவித்தேன். திரும்பும்போது வீதியில் வீ.யைப் பார்த்தேன். இருவரும் சேவித்துக்கொண்டோம். வெயில் அதிகம். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் தலைவலி.

வேறு விசேஷமில்லை.

பங்குனி 16, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். யாரும் படிக்காத நோட்டில் யாருக்காகப் பொய்?

நடந்தது. வடக்கு உத்தர வீதி, உச்சிவெயில். வீ. சுவரோரம் நிழலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார், புன்னகையோடு. அதோடு முடிந்திருக்க வேண்டியது. பக்கத்தில் பாசுரம் சொல்லுகிற கோஷ்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இன்று என் கையில் தட்டு இல்லை.

விழுந்தேன். இடுப்பு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. அக்கா சொன்ன ஒவ்வொரு எழுத்தும் ஞாபகத்தில் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் அவ்வளவு வேகமாக விழுந்தேன்.

அவர் தயங்கினார். சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, யானை படுக்கிற மாதிரி, ஒவ்வொரு அங்கமாக இறங்கினார். கல் தோசைக்கல்லாக இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தருள வேண்டும் என்றேன். தேவரீர் முதலில் என்றார். அடியேன் எப்படி முதலில் என்றேன். அடியேன் மட்டும் எப்படி என்றார். இப்படியே. கோஷ்டியில் ஒருவர், "இதுவன்றோ ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம்" என்றார். அது காதில் பாயசமாக இறங்கிற்று. நெஞ்சு வெந்துகொண்டிருந்தது, நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் பதில் சொல்வதை நிறுத்தினார்.

ஜெயித்தேன் என்று நினைத்தேன். இதை எழுதாமல் விடக்கூடாது. அந்த மனுஷர் மூர்ச்சையாகிக் கிடந்தார், நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் படுத்தேகூட இருந்தேன், வெற்றி நன்றாக ஊறட்டும் என்று.

இன்று ஆபீஸுக்கு மட்டம். அவர் வீட்டு வாசலுக்குப் போனேன். பெருந்தேவி மாமி நிலைப்படியிலேயே நிறுத்தினாள். கோபிக்கவில்லை, குரல்கூட உயரவில்லை.

"உள்ள வராதேங்கோ. உங்களைப் பாத்தா அவர் எழுந்துக்கப் பாப்பர். விழப் பாப்பர். நான் ஒருத்தி எத்தனை தரம்தான் தூக்கறது?"

கதவு சாத்தப்பட்டது. பெருமாளுக்காவது வெண்ணெய் எறிந்தார்கள்.

பங்குனி 17, செவ்வாய்

உத்தர வீதியிலிருந்து ஆள் வந்தது. நிச்சயதார்த்தம் இப்போதைக்கு வேண்டாமாம். அவரால் இனிமேல் தரையில் உட்காரவே முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். அக்கா அடுக்களையில் பாத்திரங்களை என் தலை என்று பாவித்துத் தேய்த்தாள். வைதேகி சாதம் போட்டாள், ரசம் போட்டாள், ஒரு வார்த்தை போடவில்லை. மோர் கேட்டேன். சொம்பை என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆபீஸ் முடிந்து பெரிய கடைவீதி. காதர் பாய் குடைக்கடை. சவரிமுத்துவும் கூட வந்தார். பாய்க்கு நோன்பு, உதடு காய்ந்து, கண்ணில் மட்டும் குறும்பு. நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

சவரிமுத்து பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கதை. நாளன்றைக்குப் பெரிய வியாழன். மாதா கோயிலில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து சாமியார் கால் கழுவுவாராம். ஆண்டவர் சீஷர்களுக்குக் கழுவினது போல. வருஷக்கணக்காகக் கெஞ்சி இந்த வருஷம் இவருக்கு இடம். "ஒரு வாரமா ராத்திரி படிக்கல்லுல குதிகாலைத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன் சார். தேங்காயெண்ணெய் வேற. கழுவறதுக்குன்னு காலைக் காட்டப் போறவன், பாக்கறவங்க மூக்கு மேல விரல் வைக்கணும்னு கழுவி வச்சிருக்கேன்."

பாய் குடைக்கம்பியை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "போன ரம்ஜான்ல ஒரு ஆளு என் மூஞ்சிக்கு நேரா டீ குடிச்சான். நான் ஒண்ணும் சொல்லலை சாமி. நான் ஒண்ணும் சொல்லலைங்கறதை நாப்பது பேருகிட்ட சொன்னேன்."

மூன்று வேதம், ஒரே வயிற்றுவலி.

மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்றேன். அப்போதுதான் பாய் தலையைத் தூக்கினார்.

"எப்படிக் கேப்பீங்க? கால்ல விழுவீங்க. விழுந்தா அவரும் விழணும். மன்னிப்புக் கேக்கப் போறீங்களா, மிச்சத்தையும் முடிக்கப் போறீங்களா?"

எனக்கு வேறு விதமாக மன்னிப்புக் கேட்கத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயது.

பாங்கு சொன்னார்கள். பாய் பேரீச்சம்பழத்தை முதலில் எங்கள் கையில் வைத்தார். குடையை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

பங்குனி 19, வியாழன்

மாதா கோயில். வாசல் தூணுக்குப் பக்கத்தில் நாமத்தோடு நின்றேன். ஒரு பெண்பிள்ளை நகர்ந்து இடம் விட்டாள். சவரிமுத்து முதல் வரிசையில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. குதிகால் தூரத்திலிருந்தே பளபளத்தது.

சாமியார் கிழவர். ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, கழுவி, துடைத்து, முத்தமிட்டு, எழுந்து, அடுத்தவர். சவரிமுத்து முறை முடிந்ததும் சாமியாரால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார். மறுபடி ஊன்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும். சவரிமுத்து ஈரக்காலோடு இறங்கி, கக்கத்தில் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினார். பளபளத்த குதிகால் முழுக்க மண். பின்னால் யாரோ, உட்கார்ந்திருக்க வேண்டியவர் எழுந்திருக்கலாமா என்று முணுமுணுத்தார்கள்.

வெளியே வந்தவர் என்னிடம் வருத்தப்பட்டார். "எல்லாம் கெட்டுப்போச்சு சார். ஒரு வருஷ ஆசை."

வடக்கு உத்தர வீதியில் எனக்கும் இரண்டு கை இருந்தன. இரண்டையும் தலைக்கு மேல் நீட்டிக் கூப்பிக்கொண்டு கிடந்தேன்.

பங்குனி 20, வெள்ளி

ஆபீஸ் விடுமுறை. குளித்து நேரே உத்தர வீதி. மாமியிடம் சொன்னேன், விழமாட்டேன் என்று. நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், குனியக் கூடாது, என்ற நிபந்தனையோடு உள்ளே விட்டாள்.

ரேழியைத் தாண்டினால் கூடம். வீ. கட்டிலில். தைல வாடை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நலம் விசாரிக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கையை ஊன்றினார். படுத்திருங்கோ என்றேன். நான் நின்றேன். கம்பம் மாதிரி. என் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. வண்டி மாடு பழகின முளைக்குத் திரும்புகிற மாதிரி. மடங்கவிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவரைப் படுக்கையில் தள்ளிவிட்டு எப்படி நிற்கிறான் பார், என்கிற பார்வை. என் ஆயுளில் நான் செய்த மிகக் கடினமான காரியம் நிற்பது.

"உங்களுக்கு இடுப்பு முடியலேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விழுந்தேன். எழுந்திருக்காம கிடந்ததும் தெரிஞ்சேதான்" என்றேன். அடியேன், தேவரீர் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தால் மறுபடி விளையாட்டு ஆரம்பித்துவிடும்.

அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்கள் செருமிக்கொண்டு எழுந்து போனார்கள். பிறகு மெதுவாக:

"பொண் பாக்க வந்தன்னிக்கு, தட்டு உம்ம கைக்கு வர வரைக்கும் காத்திண்டிருந்தேன் ஓய்."

கட்டியிருந்த கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"எந்த வீதிக்குப் போனாலும் சீமாச்சு விழற அழகைத்தான் பேசறா. பொறுக்கலை. ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான். கல்லு சுட்டுது, எழுந்துண்டிருக்கலாம். முதல்ல எழுந்தா நீர் ஜெயிச்சுடுவீரே."

சிரித்தார். சிரிப்பு இடுப்பில் பிடித்துக்கொண்டது, முகம் கோணிற்று. மாமி ஓடிவந்து தலையணையைச் சரி செய்தாள். வலி தணிந்ததும் சொன்னார்: "இடுப்பு போனாப் போறது. சின்ன வயசுலேர்ந்து விழுந்து விழுந்து சேவிச்சிருக்கேன். அதுல ஒண்ணாவது பெருமாளைப் போய்ச் சேர்ந்திருக்குமோ? படுத்துண்டு அதைத்தான் யோசிச்சிண்டிருக்கேன்."

நானும் அவரோடு உத்தரத்தைப் பார்த்தேன்.

புறப்படும்போது மாமி வாசல் வரை வந்தாள். கல்யாணம் நடக்கும் என்றாள். எனக்குக் கண் கலங்கிற்று. இன்னும் முடிக்கவில்லை அவள்.

"மாலை மாத்தறச்சே பொண்ணை நீங்க தூக்கப்படாது. இவர் நாற்காலியில உக்காந்துண்டு பாத்திண்டிருப்பர், நீங்க அவளைத் தோள்ல வச்சுண்டு ஆடிண்டிருப்பேள். எனக்கு அதைப் பாக்க முடியாது."

வைதேகிக்கு நான் ஒரே தாய்மாமன். அவள் நடை பழகின நாளிலிருந்து, உன் கல்யாணத்தில் கோபுரம் எட்டிப்பார்க்கிற உயரத்துக்குத் தூக்குவேன் என்று அளந்துகொண்டிருக்கிறேன்.

சரி என்றேன்.

பங்குனி 21, சனி

மேகம், மழையில்லை. அரிசியில் வண்டு.

அக்கா அழுதாள். மாமன் தூக்காமல் என்ன மாலை மாற்றல் என்று. அத்திம்பேர் இந்த வருஷத்து வார்த்தையைச் செலவழித்தார்: "பரவாயில்லை." எங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் பலசாலி, தூக்குவான்.

மத்தியானம் வைதேகி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். இந்த வாரம் நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கொடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள், ஐந்து நாளுக்கு அப்புறம்.

"யாராவது கேட்டா முழங்கால் வலின்னு சொல்லுங்கோ மாமா."

ஏன் என்றேன்.

"அவா வேண்டாம்னு சொன்னதாத் தெரிஞ்சா ஊரெல்லாம் அந்த மாமியைத்தான் பேசும். இப்படி ஒரு மனுஷனைத் தள்ளி வச்சாளேன்னு. நான் போய் இருக்கப்போறது அவாத்துல." ஒரு புடவையை உதறினாள். "உங்களுக்கு விட்டுக் கொடுக்கறது கஷ்டமில்லை. விட்டுக் கொடுத்தேன்னு சொல்லாம இருக்கறதுதான் கஷ்டம். எனக்காக இருப்பேளா?"

ரங்கநாதன் மேல் ஆணை என்றேன். ஆணையெல்லாம் வேண்டாம், முழங்கால் வலி போதும் என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. எனக்குப் பசித்தது. இரண்டு தரம் மோர் விட்டுக்கொண்டேன்.

பங்குனி 23, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. குடை வாங்க வேண்டும்.

சவரிமுத்துவிடம் சொல்லிவிட்டேன். கல்யாணம் நிச்சயந்தானே என்று மட்டுந்தான் கேட்டார். முழங்கால் வலி, தூக்க முடியாது என்றுதான் நானும் ஆரம்பித்தேன். ஐயோ பாவம் சார் என்றார். அந்தப் பாவம் எனக்குப் போதவில்லை. காகிதத்தை நகர்த்திவிட்டு முழுவதையும் சொன்னேன். மாமி சொன்னதை, நான் ஒரு வார்த்தை எதிர்பேசாமல் சரி என்றதை. சரி என்றதை இரண்டு தரம்.

சாயங்காலம் காதர் பாய். அவரிடமும். அவர் குடையை விரித்தார், மடக்கினார், கம்பி சரியாயிருக்கிறதா பார்த்துக்கொள்ளச் சொன்னார். "என்னோட சேத்து எத்தனை பேரு சாமி?" என்றார். நான் குடையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். போதும், இதோடு நிறுத்தினேன் என்று கடைவீதி நெடுக எனக்கே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

ரயில் போய்விட்டது. ஜட்கா. வண்டிக்காரன் ஸ்ரீரங்கத்தான், அவன் வண்டி நிற்பது வடக்கு உத்தர வீதி முனையில். அவன் ஒன்றும் கேட்கவில்லை. குதிரையைத் திட்டிக்கொண்டு வந்தான். பாலம் முடிவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன்.

இறக்கிவிட்டுச் சொன்னான்: "பெரிய மனசு சாமி உங்களுக்கு."

பேசின கூலிக்கு மேலேயே கொடுத்தேன்.